ரோஜாவுக்கு உணவும் மருந்தும்: முதலில் இலையைப் புரட்டிப் பாருங்கள்

நர்சரியில் வாங்கிய நாளில் ஐந்தாறு மலர்களோடும் கை கொள்ளாத மொட்டுகளோடும் நின்ற ரோஜாச் செடி, வீட்டுக்கு வந்த இரண்டு மாதங்களில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு முள்ளும் குச்சியுமாக நிற்பதைக் காணாதவர் நம்மிடையே குறைவு. டில்லியின் அடுக்ககப் பால்கனியிலும், கொல்கத்தாவின் மொட்டை மாடியிலும், மதுரையின் முற்றத்திலும் இது ஒரே மாதிரிதான் நிகழ்கிறது. செடி வாடத் தொடங்கியதும் நாம் செய்வதும் ஏறத்தாழ ஒன்றே. "சத்துப் போதவில்லை" என்று ஒரு கைப்பிடி யூரியாவைத் தொட்டியில் இடுகிறோம். அடுத்த வாரமும் தேறாவிட்டால் "பூச்சி விழுந்திருக்கும்" என்று கடைக்காரர் கொடுத்த மருந்தைத் தெளிக்கிறோம். மூன்றாம் வாரம் செடி இருப்பதில்லை.

மாடித் தோட்டம் போட்ட தொடக்க ஆண்டுகளில் நாங்களும் இவ்வாறே பல செடிகளை இழந்தோம். அவற்றுள் எதுவும் பசியால் மடியவில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. என்ன குறை என்று பாராமலே நாங்கள் கொடுத்த உணவும் மருந்துமே அவற்றின் கதையை முடித்தன. ஆகையால் இக்கட்டுரையில் உரத்தின் பெயர்களையும் மருந்தின் அளவுகளையும் கூறுவதற்கு முன், ஒவ்வோர் இடத்திலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கூற விரும்புகிறோம்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம்

நர்சரிச் செடியின் வேர்கள் பல வேளைகளில் இறுகிய செம்மண் உருண்டைக்குள் இருக்கும். நெடுந்தொலைவு லாரியில் வரும் செடிக்கு அந்த உருண்டை ஒரு பாதுகாப்பு. ஆனால் அதை அப்படியே தொட்டியில் வைத்துச் சுற்றிலும் இளகிய மண்ணை நிரப்பினால், ஊற்றும் நீர் இளகிய மண் வழியாக வழிந்து அடித்துளையில் வெளியேறிவிடும். உருண்டையின் உள்ளே செங்கல்லைப் போன்ற வறட்சி நிலவும். மேல்மண் ஈரமாகத் தெரிவதால் நமக்கு ஐயமே எழாது. செடியை நடுவதற்கு முன் அரை மணி நேரம் வாளி நீரில் ஊறவைத்து, ஓரத்துச் செம்மண்ணை விரலால் மெல்லக் கரைத்துவிடுங்கள். நடுவேர்களைச் சுற்றியுள்ள மண்ணை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தோட்ட மண்ணும் மக்கிய தொழுவுரமும் சம அளவு, அவற்றோடு நீர் தேங்காதிருக்கச் சிறிது மணல் என்ற கலவை போதுமானது. நாள்தோறும் ஐந்து அல்லது ஆறு மணி நேர நேர்வெயில் கிடைக்காத இடத்தில் எந்த உரமும் பூவைக் கொண்டுவராது. அத்தகைய பால்கனி உள்ளவர்கள் ரோஜாவுக்குப் பதிலாக வேறு செடியைத் தேர்வது நல்லது. இதைச் சொல்ல நர்சரிக்காரர்கள் தயங்குவார்கள், நாங்கள் தயங்கவில்லை.

புதிதாக நட்ட செடிக்கு முதல் மூன்று, நான்கு வாரங்கள் இரசாயன உரமோ புண்ணாக்குக் கரைசலோ வேண்டாம். அறுபட்ட வேர்கள் ஆறிப் புதுவேர் விடும்வரை அவற்றால் உப்பைத் தாங்க இயலாது. அதே வாரங்களில் ஒட்டுப் பகுதிக்குக் கீழிருந்து ஏதேனும் கிளை கிளம்புகிறதா என்றும் கவனியுங்கள். நாம் வாங்கும் செடிகளில் பல, வலிமையான வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக் கட்டப்பட்டவை. கீழிருந்து கிளம்பும் கிளை அந்த வேர்ச்செடியினுடையது. இலை வேறாக இருக்கும், அசுர வேகத்தில் நீளும், நாம் விரும்பி வாங்கிய பூவை ஒருபோதும் தராது. அதை அடியோடு நீக்காவிட்டால் இடும் உணவையெல்லாம் அதுவே உண்டுவிடும். "உரம் போட்டதும் செடி எவ்வளவு செழிப்பாக வளர்ந்துவிட்டது" என்று மகிழ்ந்தவர்கள் சிலர் உண்மையில் வேர்ச்செடியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எப்போது, எவ்வளவு

ரோஜாவின் உணவு நாட்காட்டி கவாத்தை ஒட்டியது. கிளைகளைக் குறைத்து வெட்டிய பின் புதுத் துளிர் விட்டு, அத்துளிரின் நுனியில்தான் பூ வருகிறது. ஆகவே செடிக்குப் பசி மிகும் காலமும் அதுவே. டில்லி முதலிய வடநாட்டுச் சமவெளிகளில் அக்டோபர் நடுப்பகுதியில் கவாத்துச் செய்வார்கள். வெட்டியதிலிருந்து ஆறு, ஏழு வாரங்களில் முதல் பூ விரியும். தமிழகச் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம் என்பர். சென்னையைப் போல் வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊர்களில் மழை ஓய்ந்தபின் வெட்டுவதே எங்கள் பழக்கம். ஈரத்தில் வெட்டிய முனை எளிதில் அழுகுகிறது.

நிலத்தில் நட்ட செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, அக்டோபரில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும், செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழுவுரமும், 6 கிராம் தழைச்சத்து, 12 கிராம் மணிச்சத்து, 12 கிராம் சாம்பல்சத்தும் ஆகும். இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பாருங்கள். 6 கிராம் தழைச்சத்து என்பது யூரியாக் கணக்கில் சுமார் 13 கிராம். மூன்று தேக்கரண்டி அளவுதான். அதுவும் விரிந்த நிலத்தில் வேரோடிய செடிக்கு, பத்துக் கிலோ தொழுவுரத்தோடு சேர்த்து. நாம் தொட்டியில் அள்ளி வீசும் ஒரு கைப்பிடி யூரியா எவ்வளவு கொடியது என்பது இதிலிருந்து விளங்கும். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச முடியாமல், ஈரத்தின் நடுவிலேயே செடி காய்கிறது. இலை ஓரங்கள் கருகுகின்றன. அதைக் கண்டு நாம் மேலும் உரமிடுகிறோம்!

தொட்டிச் செடிக்குச் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுப்பதே முறை. மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் அரைக் கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் மேல்மண்ணில் கலந்துவிடலாம். துளிர் விடும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை புண்ணாக்குக் கரைசல் ஊற்றலாம். நம் பக்கத்தில் கடலைப் புண்ணாக்கு. வங்காளத்திலும் வடநாட்டிலும் கடுகுப் புண்ணாக்கு. 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் நான்கைந்து நாள் மூடி ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்ற வேண்டும். நாற்றம் அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும் என்பதால், மாலை வேளையில் ஊற்றுவது நட்புறவுக்கு உகந்தது. எந்த உரமானாலும் முதலில் வெறும் நீர் ஊற்றி மண்ணை நனைத்த பின்பே இடுங்கள். மே மாத அனலிலும், அடைமழையிலும் உணவை நிறுத்திவிடுங்கள். முன்னதில் வேர் சுடும், பின்னதில் சத்து முழுதும் அடித்துளை வழியே போய்விடும்.

தொட்டியின் விளிம்பில் வெண்ணிறப் படிவு தெரிந்தால் அது உரத்தாலும் கடின நீராலும் சேர்ந்த உப்பு. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி வடியவிட்டால் பெரும்பகுதி கழுவப்படும். மழைநீர் கிடைத்தால் இன்னும் நன்று.

சமையலறைக் கைவைத்தியங்களைப் பற்றியும் கேட்பீர்கள். முட்டை ஓடு மண்ணில் கரைய நீண்ட காலமாகும். தவிரவும் அது சுண்ணாம்பு. ரோஜா விரும்புவது சற்றே புளிப்பான, கார அமில நிலை 6 முதல் 6.5 வரையுள்ள மண். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுபவருக்கு ஓட்டுத் தூளால் பயனில்லை. காரத்தன்மையுள்ள மண்ணில் எலும்புத் தூளும் எளிதில் பலன் தராது. வாழைப்பழத் தோலை நேரே புதைத்தால் எறும்பும் ஈயும் வரும், மக்கவைத்து இடலாம். பாலும் சர்க்கரையும் கலந்து கொதித்த தேயிலைச் சக்கையை அலசிய பின்பே பயன்படுத்துங்கள்.

மஞ்சளில் எத்தனை வகை

"இலை மஞ்சளாகிறது" என்பது நோயின் பெயரன்று. எந்த இலை, எவ்வாறு மஞ்சளாகிறது என்பதே வினா. செடியின் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலைகளில் நரம்புகளின் இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவாக இருக்கலாம். எப்சம் உப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து இலைகளில் தெளிக்கலாம். மாறாக, நுனியிலுள்ள இளந்தளிர் வெளிறி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்தின் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் போவதைவிட, காரத்தன்மையால் அதை வேர் எடுக்க முடியாமல் போவதே அதிகம். இதற்கு யூரியா இட்டால் வெளிறல் மேலும் கூடும். அடி இலை மஞ்சளாகி, மண் எந்நேரமும் சேறாக இருந்தால், வேர் மூச்சுத் திணறுகிறது. உரத்தை மறந்து நீரை நிறுத்துங்கள்.

புதுத் துளிர் செம்பழுப்பாக வருவதைக் கண்டு அஞ்சி மருந்து தெளிப்பவரும் உண்டு. அது ரோஜாவின் இயல்பு நிறம். இலை முதிர்ந்ததும் பச்சையாகிவிடும்.

எட்டுக் கால் எதிரி

கோடையில் இலைகள் மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல் வெண்புள்ளிகளோடு பளபளப்பிழந்து தூசி படிந்தாற்போல் தோன்றினால், இலையைப் புரட்டிப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால் மிளகாய்த் தூள்போன்ற புள்ளிகள் விழுந்து நகரும். அது செஞ்சிலந்திப் பேன். முற்றினால் நுண்ணிய வலை தெரியும். வெப்பமும் வறட்சியும் அதற்கு உகந்தவை.

எங்களுக்கு மிகப் பெரிய பாடம் புகட்டியது இதுதான். ஓர் ஏப்ரலில் இலை வெளிறியதும் பூச்சிதான் என்று முடிவுகட்டி, கடையில் கிடைத்த வீரியமான பூச்சிக்கொல்லி ஒன்றைத் தெளித்தோம். இரண்டே வாரத்தில் எட்டுத் தொட்டிகளுக்கும் வலை படர்ந்தது. சிலந்திப் பேன் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால்களுடைய சிலந்தியின் உறவு. பொதுவான பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்கு அது மடிவதில்லை. மடிந்தவை அதைத் தின்று வாழ்ந்த பொறிவண்டுகளும் பிற நன்மை செய்யும் உயிரினங்களும்தான். வேலியை நாமே பிடுங்கிவிட்டுப் பயிரை மேயவிட்டோம்.

அதற்கு உரிய மருந்து நம் குழாயிலேயே இருக்கிறது. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி நீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சுங்கள். வெப்ப நாட்களில் முட்டைகள் சில நாட்களிலேயே பொரிப்பதால், மூன்று நாளுக்கு ஒரு முறை வீதம் இரண்டு வாரம் தொடர வேண்டும். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லியுடன் சில துளி சோப்புக் கரைசலை ஒரு லிட்டர் நீரில் நன்கு கலக்கி மாலையில் தெளியுங்கள். நண்பகலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெயின் வேலைசெய்யும் பொருளும் வெயிலில் விரைவில் சிதையும்.

துளிரிலும் மொட்டுக் காம்பிலும் மொய்க்கும் அசுவினியை விரலால் வழித்தெடுப்பதே எளிது. எறும்புகள் சாரை சாரையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும் என்று கொள்ளலாம். அவை கழிக்கும் இனிய நீருக்காக எறும்பு அவற்றைக் காக்கிறது. அசுவினிக் கூட்டத்தினிடையே முதலையைச் சிறிதாக்கினாற்போல் கருஞ்சாம்பல் நிறப் புழு ஒன்று நடமாடக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு. உங்களுக்காகக் கூலியின்றி உழைக்கிறது. அதேபோல் இலை ஓரத்தில் யாரோ கத்தரித்ததுபோல் வட்ட வட்டமாக வெட்டு இருந்தால் அது இலைவெட்டும் தேனீ, கூட்டுக்கு இலைத்துண்டு எடுத்துச் சென்றதன் அடையாளம். செடிக்குத் தீங்கில்லை, மருந்தும் வேண்டாம்.

மொட்டு விரியாமல் ஓரம் பழுத்துச் சுருங்கினால் இலைப்பேன். இதழ்களின் இடுக்கில் ஒளிந்திருப்பதால் மேலே தெளிப்பது அதை எட்டுவதில்லை. பாதிக்கப்பட்ட மொட்டைக் கிள்ளி உறையிலிட்டு அப்புறப்படுத்துவதும், நீல ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிடுவதும் பலன் தரும். தண்டில் பழுப்புச் செதில்களாக ஒட்டியிருக்கும் செதில் பூச்சியைப் பழைய பல்துலக்கியில் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்து நீக்கலாம்.

ஈரம் தரும் நோய், ஈரமின்றி வரும் நோய்

மழைக்காலத்து எதிரி கரும்புள்ளி நோய். அடி இலைகளில் ஓரம் சிதறிய கரிய வட்டங்கள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி, இலை உதிரும். அதன் பூஞ்சை வித்து முளைக்க இலை சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாயிருக்க வேண்டும். இந்த ஒரு செய்தி தெரிந்தால் பாதிப் போர் முடிந்தது. மாலையில் செடியைத் தலைமுழுக நனைத்தால் இரவு முழுவதும் இலை ஈரமாகவே இருக்கும். காலையில் வேரில் மட்டும் ஊற்றினால் வித்துக்கு அவகாசமில்லை. சிலந்திப் பேனுக்காக இலையில் நீர் பீய்ச்சுவதையும் காலையிலேயே முடிக்கச் சொல்வது இதனால்தான். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் சேர்க்காதீர்கள். தொட்டிகளுக்கிடையே காற்று புகும் இடம் விடுங்கள். அதன் பிறகும் பரவினால் மான்கோசெப் 2 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலந்து, இலையின் இரு பக்கமும் படுமாறு தெளிக்கலாம். புள்ளி விழுந்த இலை மீண்டும் பசுமையாகாது. மருந்து காப்பது அடுத்த இலையை மட்டுமே.

சாம்பல் நோய் இதற்கு நேர்மாறு. இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் மாவு தூவினாற்போல் படர்ந்து இலையைச் சுருளச் செய்யும் இது, இலை நனையாமலே வரும். குளிர்ந்த இரவும் இதமான பகலும் போதும். பெங்களூரிலும் மலையூர்களிலும், குளிர்காலத்து டில்லியிலும் அடிக்கடி காணலாம். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிப்பது பழைய, நம்பகமான மருத்துவம். வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது.

வெட்டிய கிளையின் நுனி கருத்து, அக்கருமை கீழ்நோக்கி இறங்கினால் அது நுனிக்கருகல். இதற்குத் தெளிப்பு பயனில்லை. கருமைக்கு ஓரிரு அங்குலம் கீழே, உள்ளே வெண்மையான தண்டு தெரியும்வரை வெட்டி, முனையில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசையைத் தடவுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் இடையே ஸ்பிரிட்டில் துடைக்காவிட்டால் நாமே நோயைப் பரப்பியவர்களாவோம்.

நோய் தாங்கும் இரகத்தைத் தேர்வதும் ஒரு மருத்துவமே. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக விளங்கிய பி. பி. பால், துரு நோயை எதிர்க்கும் கோதுமையை உருவாக்கிய அறிஞர். அவரே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ரோஜா இரகங்களையும் உருவாக்கி, 1966இல் 'இந்தியாவில் ரோஜா' என்ற பொருளில் ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். மழை மிகுந்த ஊரில் இருப்போர், படத்தில் அழகாகத் தெரியும் இரகத்தைவிட, பக்கத்துத் தெருவில் மழையைத் தாங்கி நிற்கும் செடி எதுவென்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். மணமுள்ள பன்னீர் ரோஜா பூச்சாடிக்கு உதவாது. ஆனால் குறைந்த கவனிப்பிலும் பூக்கும்.

முக்கோணத்தின் நிறம்

எல்லாம் பார்த்த பின்னும் மருந்து தேவைப்படின், புட்டியிலுள்ள முக்கோணக் குறியின் நிறத்தைப் பாருங்கள். நம் நாட்டு விதிகளின்படி சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பின் நீலம், இறுதியாகப் பச்சை என்று நச்சுத்தன்மை குறைகிறது. குழந்தைகள் விளையாடும் பால்கனிக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெயரும் குறியும் இல்லாத பொட்டலத்தில் "ரோஜா மருந்து" என்று கொடுப்பதை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ கலந்து வைக்காதீர்கள். பூ விரிந்திருக்கும் செடியில், தேனீ வரும் காலை வேளையில் தெளிக்காதீர்கள். செடிக்குள் ஊடுருவும் வகையைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட், தேனீக்களுக்குத் தீங்கானது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு 2018இல் தடை விதித்தது. இங்கே அது எளிதில் கிடைக்கிறது.

ரோஜா நம் வீடுகளில் வெறும் காட்சிப் பொருளன்று. பெண்கள் கூந்தலில் சூடுகிறார்கள், சுவாமி படத்துக்குச் சாத்துகிறோம், குழந்தை இதழைப் பிய்த்து வாயில் வைக்கிறது, பாட்டி குல்கந்து போடுகிறார். எனவே மருந்து தெளித்த நாளையும் மருந்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். குல்கந்துக்கென்று இரண்டு பன்னீர் ரோஜாத் தொட்டிகளைத் தனியே வைத்து, அவற்றுக்கு நீரையும் விரலையும் தவிர வேறு மருந்து காட்டுவதில்லை. சென்ற கோடையில் அவற்றில் ஒன்றைச் செஞ்சிலந்தி பிடித்தது. பதினைந்து நாள் விடியற்காலையில் எழுந்து இலைகளைக் கழுவினோம். ஆடியில் அது மீண்டும் துளிர்விட்டது.